தேறல்

கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டிக்கு அருகே, என் தாய்மாமனுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் ஒன்றும் அதன் நடுவே ஒரு கல்வீடும் உண்டு. தாத்தா கட்டிய வீடு. சுவர்கள் கருங்கல், சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்திருக்கும். நெடுங்காலம் உரமூட்டைகள் அடைந்து கிடந்த அவ்வீட்டை மாமா சென்ற ஆண்டு செப்பனிட்டார். சிமெண்டுப் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசினார், ஓடு மாற்றினார். எதற்கென்று கேட்டேன்.

"ஒயின் போடலாம்னு இருக்கேன் மாப்ள."

அவருடைய கணக்கு எனக்குப் புரியாததல்ல. பன்னீர் திராட்சையைக் கொடியிலிருந்து இறக்கினால் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கும் பள்ளத்தாக்கு அது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் விலை சொல்பவர் வியாபாரிதான். 2001இல் மகாராஷ்டிர அரசு தனிக்கொள்கை வகுத்தபின் நாசிக்கில் ஒயின் ஆலைகள் பெருகிய கதையை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

"உரிமத்துக்கு எழுதிப் போடணும். நீதான் தமிழ் படிச்சவன், நல்ல பேரா ஒண்ணு சொல்லு."

உடனே ஒரு சொல் தோன்றியது. சொல்லவில்லை.

மதுரையில் இருபது ஆண்டுகளாகப் புறநானூறு நடத்துகிறேன். 56ஆம் பாடலில், யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். 120ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்பு நாட்டைக் காட்டுகிறார். பறம்பு என்பது இன்றைய பிரான்மலை என்பர், மதுரையிலிருந்து வெகுதூரமில்லை. அங்கே புல்வேய்ந்த குடிசைதோறும் மண்ணில் புதைத்து முதிரவைத்த மது இருந்தது. ஜார்ஜியா நாட்டுக் குடும்பங்கள் இன்றும் மண்சாடிகளைப் புதைத்தே ஒயின் செய்கின்றன. 2013இல் யுனெஸ்கோ அதை மரபுச்செல்வமாக ஏற்றது. இதை வகுப்பில் சொல்லும்போது என் குரலில் பெருமிதம் ஏறும். மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இரு பாடல்களிலும் வரும் சொல் ஒன்றே: தேறல்.

என் அப்பா குடியால் இறந்தவர். அப்போது நான் இளங்கலை இரண்டாமாண்டு. வகுப்பில் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

செப்பனிட்ட வீட்டுக்குப் பால்காய்ச்சிய அன்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் பிறந்த வீடு அது.

"இது அந்தக் குடி இல்லக்கா" என்றார் மாமா.

"குடிச்சுச் செத்தவன் பொண்டாட்டிக்கு எல்லாம் அந்தக் குடிதான்டா."

மாமா தலைகுனிந்து நின்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. விலை கிடைக்காத ஒரு பருவத்தில் அவர் பழத்தைக் கொடியிலேயே விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

தேறு என்னும் வினைக்குத் தெளிதல் என்று பொருள். துயரிலிருந்து மீளுதல் என்றும் பொருள். வண்டல் அடியில் தங்கத் தெளிந்தது தேறல். இருபது ஆண்டுகள் முதற்பொருளை மட்டுமே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன் என்பது அன்றிரவு பேருந்தில் திரும்புகையில்தான் உறைத்தது. அருகில் அம்மா கண்மூடி அமர்ந்திருந்தாள். உறங்கவில்லை.

நேற்று மாமா மறுபடியும் அழைத்துப் பெயர் கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.