ஆலமரம் தெரியும், அந்த வீடு தெரியுமா?

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அடையாறு ஆலமரம் என்றால் பள்ளிச் சுற்றுலா ஞாபகம்தான். அதே தோட்டத்தில் ஆற்றங்கரையில் நிற்கும் பங்களாவை அவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்ற அந்தத் தோட்ட வீட்டை 1882-ல் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் பிரம்மஞான சபைக்காக வாங்கினார்கள். அப்போது 27 ஏக்கர். இப்போது தோட்டம் அதைப்போல பல மடங்கு.

இந்த இடத்துக்குள் ஓர் அப்பாவின் கதையும் இருக்கிறது. மனைவியை இழந்த நாராயணய்யா, 1909-ல் பிள்ளைகளோடு இங்கே வேலைக்கு வந்தார். கடற்கரையில் அவர் மகனைப் பார்த்த லெட்பீட்டர், ‘வருங்கால உலக குரு இவன்தான்’ என்று முடிவு கட்டினார். அந்தப் பையன், ஜே.கிருஷ்ணமூர்த்தி. அவரையும் தம்பியையும் அன்னி பெசன்ட் தன் பொறுப்பில் வளர்த்தார். பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு அப்பா வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர், 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். கடைசியில் 1929-ல் குரு பட்டத்தை உதறியது கிருஷ்ணமூர்த்தியேதான்! சபையை விட்டும் விலகினார். பல பத்தாண்டுகள் கழித்து, 1980-ல், இந்தத் தோட்டத்துக்குள் மறுபடி நடந்து வந்தார்.

ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பவை விழுதுகள்.

ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல். அங்கே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து கிரீன்வேஸ் சாலையில் இறங்கி, ஆட்டோவில் பாலத்தைத் தாண்டினால் தோட்டம். பார்வை நேரம் குறைவு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.