டயருக்கு எவ்வளவு காத்து?



"வெயில் காலத்துல டயர்ல காத்தைக் கம்மியா வை, இல்லேன்னா வெடிச்சிரும்." நம் பக்கத்தில் இதைக் கேட்காதவர்கள் உண்டா? பஞ்சர் கடையில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள், எங்கள் பெரியப்பாவும் சொல்வார். கேட்டால் சரி மாதிரிதான் தோன்றும். சூடு பட்டால் காற்று விரியும் என்று பாடத்திலேயே இருக்கிறதே! ஆனால் இந்தப் பேச்சை நம்பித்தான் போன மே மாதம் எங்கள் குடும்பம் கயத்தாறு தாண்டி நடுரோட்டில் நின்றது.

எங்கள் வீட்டுக் கார் பழசு. ஆச்சியை மாதம் ஒரு தடவை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் அப்பா அதை வாங்கினார். ஆச்சியால் பஸ் படி ஏற முடியாது. போவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஓடி வந்த சூட்டோடு அப்பா காற்றுப் பார்க்கப் போனார். அளவு 34 காட்டியது. கடைக்கார அண்ணன் மேலே சொன்ன அதே வசனத்தைச் சொல்லி 28க்கு இறக்கிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

மறுநாள் ஆச்சி, அம்மா, அத்தை, நான், தம்பி, அப்பா என்று ஆறு பேர். மடியில் சாப்பாட்டுத் தூக்கு, மாத்திரைப் பை. இப்போது 44 என்றும் முன்பு 7 என்றும் சொன்ன அந்த நான்கு வழிச்சாலையில் எல்லாரும் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். திடீரென்று இடது பக்கம் பின்னால் 'டமார்'. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அப்பா பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டினார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு கை இடைவெளியில் ஒதுங்கிப் போனது. ஆச்சி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அவளுக்குப் பேச்சே வரவில்லை.

ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் பாதிக் காற்றுதான்! (ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் தெரியுமா? இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904ல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே பெயர் மறைந்துவிட்டது, நம் ஊர் மெக்கானிக் கடையில் உயிரோடு இருக்கிறது.)

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் ஒரு கட்டுக்கம்பியைக் கொடுத்து, "வேகமா முன்னும் பின்னும் வளைச்சுட்டு, வளைச்ச இடத்தைத் தொட்டுப் பாரு" என்றார். சுட்டது! டயரிலும் இதேதான் நடக்கிறது. காரின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி மடங்கி நிமிரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சின்னக் கார் சக்கரம் ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் சுற்றும். அத்தனை தடவை மடங்கினால் உள்ளே இருக்கும் நூலும் ரப்பரும் என்ன ஆகும்? நாம் பயப்பட வேண்டிய சூடு இதுதான். வெயில் சூடு அதற்குக் கீழே.

இது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே மேல்பட்டை பிய்ந்து, கார்கள் உருண்டு, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000ம் ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கினார்கள். டயரிலேயே குறை இருந்தது. ஆனால் கார் கம்பெனி சொல்லியிருந்த காற்று 26 தான், அது போதாது என்றும் பெரிய சண்டை நடந்தது. டெக்சாஸ், ஃபுளோரிடா மாதிரி வெயில் ஊர்களில்தான் விபத்து அதிகம். அங்கே குறைந்த காற்று காப்பாற்றவில்லை. அதற்கப்புறம்தான் காற்று குறைந்தால் விளக்கு எரியும் கருவியை அந்த நாட்டில் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

எங்கள் காரில் விளக்கு ஏது? அப்பா ஒரு கேஜ் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எங்கள் காருக்கு 30, ஆள் நிறைந்தால் பின்னால் 33 என்று போட்டிருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம் என்று அர்த்தம். (டயர் மேலேயே அச்சடித்திருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.) நான் நோட்டில் எழுதியது இது: ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலை 6 மணி, 30. மத்தியானம் 2 மணிக்கு வெயில் பக்கத்து டயர் 33, நிழல் பக்கம் 31. ஓடி நின்றதும் 35. மறுநாள் காலை மறுபடி 30! ஸ்டிக்கர் எண் ஆறின டயருக்கு உரியது. ஓடினால் ஏறும் என்று கணக்குப் பண்ணித்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். சூட்டில் ஏறிய காற்றை இறக்கிவிட்டால் ஆறியபின் 24, 25க்குப் போய்விடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

"அப்போ டிராக்டர் டயர்ல ஏன் கம்மியா வைக்காங்க?" என்று என் பக்கத்து பெஞ்சுக்காரி மடக்கினாள். நல்ல கேள்விதான். வயலில் பெரிய டயருக்கு 12 அளவே போதும். டயர் பரந்து மிதித்தால்தான் கரிசல் மண் இறுகாது, ஈரத்தில் புதையாது. ஆனால் டிராக்டர் உழும்போது ஊர்ந்துதானே போகிறது! அதே அளவில் காரை பைபாஸில் விட முடியுமா?

பஞ்சரே ஆகாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு அளவு தானாகக் கசியும். கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ 24க்கும் 30க்கும் வித்தியாசம் தெரியாது, நானே உதைத்துப் பார்த்துவிட்டேன். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். கூச்சப்படாமல் கேட்கலாம், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ஆனால் காலையில், டயர் சுடுவதற்கு முன்னால் போக வேண்டும்.

இப்போது ஆஸ்பத்திரி நாளன்று விடியற்காலையில் நான்தான் கேஜோடு குனிந்து நிற்பேன். "ஏட்டி, டயருக்கு நாடி பாக்கியா?" என்று ஆச்சி திண்ணையில் இருந்து கேட்பாள். பின்னால் ரெண்டும் 33 என்று சொன்னபிறகுதான் எழுந்து வருவாள்.