பசியின் வடு

சென்ற தவணை காலைக் கூட்டத்தில் மாணவனொருவன் மயங்கி வீழ்ந்தான். பாணும் தேநீரும் கொடுத்தோம். எழுந்து வகுப்புக்குச் சென்றான். பசியின் கதை அத்துடன் முடிந்தது என்றே எண்ணினேன்.

அவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கோர்டன். குடல்வாழ் பற்றீரியாக்களை ஆராய்வதிற் பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர் அவர். பருத்த எலிகளின் பற்றீரியாக்களை நுண்ணுயிரற்ற எலிகளின் குடலிற் புகுத்தினால் அவற்றிலும் கொழுப்பு மிகும் என 2006இல் அவர் குழு காட்டியது. பின்னர் அவர் நோக்கு மெலிந்த குழந்தைகள்பாற் சென்றது. டாக்கா நகர் ஆய்வாளருடன் கூடி 2014இல் அவர் வெளியிட்ட முடிவு இது: கடும் போசாக்கின்மையுற்ற குழந்தையின் குடற் பற்றீரியாத் தொகுதி வயதுக்கேற்ப முதிர்வதில்லை, சிகிச்சை உணவு ஊட்டியபின்னும் அக்குறை முற்றாக நீங்குவதில்லை.

எனவே கடலை மா, சோயா மா, கச்சான் மா, வாழைக்காய் சேர்ந்த உணவொன்றை அவர்கள் ஆக்கினர். மீர்ப்பூர்ச் சேரிக் குழந்தைகளுக்கு அதனை ஊட்டிய பரிசோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை உணவிலும் கலோரி குறைந்திருந்தும், அதுவே வளர்ச்சிக்கு மிகுதியும் உதவிற்று.

அன்று எழுந்து சென்ற மாணவனை நினைக்கிறேன். பாண் அவன் மயக்கத்தைத் தீர்த்தது. இளமைப் பட்டினி அவனுள் விட்டுச்சென்ற வடுவை யார் அறிவார்? பிணிக்கு மருந்து தேடுகிறார் விஞ்ஞானி. பட்டினிக்கு முடிவு காண்பது சமுதாயத்தின் கடன்.