களமசேரிக்கு மேலே ஒரு ஸ்காட்லாந்து

களமசேரியின் தொழிற்சாலைகளைத் தாண்டி ஆலுவாவில் கிழக்கே திரும்பும் சாலை, கோதமங்கலம் வரை சமவெளிச் சாலைதான். நேரியமங்கலத்தில் 1935இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலத்தில் பெரியாற்றைக் கடந்த பிறகு மலை ஆரம்பிக்கிறது. அடிமாலி வந்ததும் குளிர். மூணாறை நெருங்கும்போது கடைப் பலகைகளில் மலையாளத்துக்குப் பக்கத்தில் தமிழ்.

சுற்றுலாக்காரர்கள் ‘இந்தியாவின் ஸ்காட்லாந்து’ என்று சொல்வது குடகை. நியாயப்படி அந்தப் பெயர் மூணாறுக்குச் சேர வேண்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி, சிங்கோனா என்று பலவும் முயன்று பார்த்த பின்பே தேயிலை நிலைத்தது. 1890களில் கிளாஸ்கோவின் ஃபின்லே நிறுவனம் நுழைந்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. துரைமார் சர்ச் கட்டினார்கள், ஓடைகளில் டிரவுட் மீன் விட்டார்கள். ஆனைமுடியைச் சுற்றிய புல்வெளிகளை வேட்டைக்கென்று தேயிலை நடாமல் விட்டுவைத்தார்கள். வேட்டை ஆசை செய்த ஒரே நல்ல காரியம் அது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசின் கைக்கு வந்த அந்த இடம்தான் இன்று வரையாடுகள் மேயும் இரவிகுளம் தேசியப் பூங்கா.

ஸ்காட்லாந்தின் சதர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செம்மறியாட்டுக்கு இடம் வேண்டுமென்று குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டிக் கடலோரத்தில் குடியமர்த்தினார்கள். மூணாறில் நடந்தது தலைகீழ். முதுவர்கள் மட்டும் வாழ்ந்த சரிவுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேற்றினார்கள்.

மலைக்கு அப்பால் மறையூரில் இன்னொரு பொருளாதாரம் இருக்கிறது. கரும்பு, உருண்டை வெல்லம், சந்தனக் காடு. அங்கே துரைக்கு வேலையில்லை.

ஆரம்பத்தில் தேயிலை கொச்சிக்கு வரவில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கின் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடியில் கப்பலேறியது. 1924 வெள்ளம் ரயிலை அடித்துப் போனது. பழைய ஆலுவாப் பாதையும் போயிற்று. பிறகு போட்ட சாலை தேயிலையை அரபிக்கடல் பக்கம் திருப்பியது. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மிளகும் சுக்கும் மணக்க, சற்றுத் தள்ளி வெல்லிங்டன் தீவில் தேயிலைக்கு விலை. ஆட்கள் வந்தது கிழக்கிலிருந்து, சரக்கு போவது மேற்கே.

கொழுந்து கிள்ளுகிறவர்களின் வீடு லயம். ஒரே வரிசையில் ஒட்டிய வீடுகள். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்றவே மகனையோ மருமகளையோ எஸ்டேட் வேலையில் சேர்த்துவிடும் குடும்பங்கள் பல. தாத்தா விட்டுவந்த ஊரில் இவர்களுக்கு நிலம் இல்லை; நான்கு தலைமுறை உழைத்த மலையிலும் இல்லை.

2015 செப்டம்பரில் பெண்கள் பொறுமை இழந்தார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்ததும் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நடுச்சாலையில் உட்கார்ந்தார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நின்றது. கேட்ட 20 சதவீதம் கிடைத்தது; கூலி பிறகு 301 ஆனது. 500 கேட்டிருந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர், பலர் கயத்தாறு பக்கத்து வம்சாவளியினர். உயிர் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது.