ஆமைக்கு யார் துணை?

மதுரையிலிருந்து மீமிசலுக்கு வந்த என் தம்பி, என் மகனுக்கு ஒரு ஆமை வாங்கி வந்தான். காதோரம் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை, உள்ளங்கை அளவுதான். "ஆமை புகுந்த வீடு உருப்படுமா?" என்று முணுமுணுத்தார் மாமியார்.

"பாவம்மா, தனியா இருக்கு" என்று மகன் கெஞ்சவே, நாலு கப்பி மீன்களையும் ஒரு தங்கமீனையும் தொட்டியில் விட்டேன். விடிந்து பார்த்தால் கப்பி ஒன்றுகூட இல்லை! தங்கமீனின் வாலும் கந்தல். பிள்ளையைத் தேற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

விவரம் தெரிந்தவர்களை விசாரித்த பிறகே புரிந்தது. வாயில் அடங்குவதெல்லாம் ஆமைக்கு இரைதான், நத்தையும் தப்பாது. முரட்டு மீனை விட்டால் அது குட்டி ஆமையைக் கடிக்கும். இன்னொரு ஆமை என்றாலோ, தீனிக்கும் வெயில் காயும் கல்லுக்கும் சண்டை. ஆமையின் கழிவால் தண்ணீரும் சீக்கிரம் கெட்டுவிடும். தனிமை அதற்கு ஒரு குறையே இல்லையாம்!

இதற்கிடையே, தவழும் என் பெண் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு வாயில் வைக்கப்போனாள். பகீரென்றது! ஆமையிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமை நன்றாகத்தான் இருக்கும். குழந்தைக்குத்தான் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். இதற்காகவே அமெரிக்காவில் 1975-ல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள்.

இப்போது தொட்டி உயரத்தில். தங்கமீன் வேறு தொட்டியில். தொட்டியைச் சமையலறையில் கழுவுவதில்லை. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்.

அலுத்துவிட்டதென்று கண்மாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

மாமியார்? கீரை ஆய்ந்தால் ஆமைக்கென்று நாலு இலை எடுத்து வைக்கிறார்!