செல்லுக்குக் கொழுப்பு ஊட்டுவது

கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது. மார்பகப் புற்றுச் செல்களோடு மாரடிக்கும் எங்களுக்கு முதல் தலைவலி அதுதான். ஓலியிக் அமிலத்தை அப்படியே செல் வளர்க்கும் மீடியத்தில் விட்டால் மேலே மிதக்கும்; செல்களோ வளர்ப்புத் தட்டுக் குழியின் அடியில் ஒட்டிக் கிடக்கும். அதனால் கொழுப்பு நீக்கிய மாட்டு ஆல்புமின் புரதத்தின் முதுகில் ஏற்றித்தான் அனுப்புகிறோம். பால்மிடிக் அமிலம் இன்னும் முரண்டு பிடிக்கும். சோடியம் உப்பாக்கி 70 டிகிரிக்குச் சூடாக்கினால் தெளிந்து நிற்கும். கொஞ்சம் ஆறினாலும் வெள்ளையாக உறையும். ஆல்புமினுக்கோ அந்தச் சூடு ஆகாது. இரண்டையும் எப்போது, எவ்வளவு வேகமாகக் கலப்பது என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கலந்துவிட்டால் மட்டும் போதுமா? உடம்பில் ஓர் ஆல்புமின் மூலக்கூறு சாதாரணமாக ஒரு கொழுப்பு அமிலத்தையோ அதற்கும் குறைவாகவோதான் சுமக்கும். ஆய்வகத்தில் ஐந்து, ஆறு என்று ஏற்றிவிடுகிறோம். பாரம் கூடக்கூட, ஒட்டாமல் தனியே திரியும் அமிலமும் கூடும். அப்போது செல் செத்தால் அது கொழுப்பின் குணமா, நாம் ஏற்றிய பாரமா? வெறும் ஆல்புமின் ஊற்றிய குழியைப் பக்கத்தில் வைக்காத ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

செல்லுக்குச் செல் சுபாவமும் வேறு. எம்டிஏ-எம்பி-231 செல்கள் ஓலியிக் அமிலத்தில் பெருகும், பால்மிடிக்கில் மடியும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஹெர்2 மிகுந்த எஸ்கே-பிஆர்-3 செல்களில் கதையே வேறு: அதே ஓலியிக் அமிலம் ஹெர்2 புரதத்தைக் குறைத்து, ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கும் கை கொடுத்தது என்று 2005இல் மெனெண்டெஸ் குழு எழுதியது.

எங்கள் மெஸ் நடத்தும் ஒசூர் அக்கா ஒருநாள் பிடித்துக்கொண்டார்: “கடலெண்ணெயா, சன்ஃபிளவரா? ஒண்ணு சொல்லுங்க சார்.”

கடலை எண்ணெயில் ஓலியிக் அமிலம் ஏராளம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாப்பிட்ட எண்ணெய் குடலில் உடைந்து, மறுபடி கோர்க்கப்பட்டு, கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகளாக இரத்தத்தில் சேர்கிறது. நான் குழியில் விடுவது அதுவல்ல. ஸ்பெயினின் பிரெடிமெட் உணவு ஆய்வில், ஓலியிக் நிறைந்த ஆலிவ் எண்ணெய் உண்ட பெண்களிடம் மார்பகப் புற்று குறைந்ததாக 2015இல் செய்தி வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பெண்களில் நோய் கண்டவர் மொத்தமே 35 பேர். அதை நம்பி அக்காவின் எண்ணெய் டின்னை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

“அப்ப இத்தனை நாளா அங்க என்னதான் பண்றீங்க?” என்றார், சாம்பார் ஊற்றியபடியே.

ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் மறுபடி செய்து பார்க்கிறோம், அக்கா.