உதிரி

கடலில் கடை கிடையாது. உதிரிபாகம் பற்றிய எல்லா யோசனையும் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

கரையில் இருப்பவர்களுக்கு இது லேசில் உறைக்காது. பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்தால் தள்ளிக்கொண்டே போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துகிறோம். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தானாக எழுந்துகொள்ளும். அது எங்கே இருக்கிறது, எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கடலுக்குள் 600 மைல் போய்விட்ட ஒருவனுக்கு, அவன் கிளம்பும்போது பெட்டியில் என்ன போட்டானோ அதுதான் உலகம்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருத்தன். அவன் இடிந்தகரை, நான் கூடங்குளம். நடுவில் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். அவனுடைய அப்பா காலத்தில் கட்டுமரம், பாய். அவன் தலையெடுத்தபோது ஃபைபர் வள்ளம், வெளியே மாட்டும் என்ஜின். அதிகாலை போனால் மதியத்துக்குள் கரை. அப்படிப்பட்டவன் போன வருடம் நண்பர்களோடு பங்கு போட்டுக் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பெரிய போட் ஒன்றில் இறங்கினான். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் தலைமுறையாகச் செய்துவரும் தொழில் அது. கிளம்பினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் கரை.

"ஏல, நீதான் இன்ஜினியர்லா. என்னென்ன ஸ்பேர் எடுத்துட்டுப் போவணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு" என்றான்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதை அவனிடம் சொல்லிப் பயனில்லை. ஊரில் இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான்.

*

உள்ளூர் வள்ளத்தில் அவன் வைத்திருந்த பெட்டி எனக்குத் தெரியும். பெயின்ட் வாளி ஒன்று, அவ்வளவுதான். அதில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு, காற்றாடியை அச்சோடு பிணைக்கும் பின் நாலைந்து, கட்டுக்கம்பி, கிழிந்த லுங்கித்துண்டு. அந்தப் பின் வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்டது. காற்றாடி பாறையிலோ வலையிலோ மாட்டினால் பின் முறிந்து என்ஜினைக் காப்பாற்றும். உடைவதற்காகவே செய்த பொருள் என்பதால் அதற்குத்தான் ஸ்பேர் அதிகம் வேண்டும். பிஸ்டனுக்கு அந்த வாளியில் இடமில்லை. ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"பிஸ்டன் போச்சுன்னா பக்கத்து வள்ளம் கட்டி இழுத்துட்டு வருவான். அவனுக்குப் போச்சுன்னா நான் இழுப்பேன். எங்களுக்குப் பெரிய ஸ்பேரு பக்கத்து வள்ளம்தாம்ல."

இந்தப் பதிலின் ஆழம் எனக்குப் புரிய நாளாயிற்று. கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும் கடலில், சின்னதற்கு மட்டும் ஸ்பேர் போதும். பெரியதற்கு ஊர் இருக்கிறது. இப்போது அவன் போகப்போவது அந்தத் தூரத்துக்கு வெளியே.

*

பட்டியலுக்காகப் பாய்மரப் படகில் உலகம் சுற்றியவர்களின் கதைகளைப் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கேள்வியைக் கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

1968-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 'சுஹைலி' என்ற 32 அடிப் படகில் தனியாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 312 நாளில் திரும்பினார். அப்படிச் செய்த முதல் மனிதர். அந்தப் படகு பம்பாயில், தேக்கில் கட்டப்பட்டது. வழியில் அவருக்குப் பழுதாகாத பொருள் குறைவு. தண்ணீருக்கு அடியில் பலகை இணைப்பில் கசிவு வந்தது. நடுக்கடலில் மூழ்கி, கித்தான் துண்டை வைத்துச் செம்பு ஆணி அடித்து அடைத்தார். பேட்டரி ஏற்றும் சிறு என்ஜினில் ஒரு நுண்ணிய இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அளக்கும் கருவி கையில் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்து, ஓர் அங்குல கனத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணினார். 200. அப்படியென்றால் ஒரு தாள், அங்குலத்தின் ஆயிரத்தில் 5 பங்கு. வேண்டிய கனத்துக்கு வேண்டிய தாள்களைச் சேர்த்து அளந்துகொண்டார்.

கித்தான், செம்பு ஆணி, காகிதம். இதில் எதுவுமே எந்த இயந்திரத்தின் உதிரிபாகமும் அல்ல. என் பட்டியலின் முதல் விதி இங்கிருந்து வந்தது: முடிந்தவரை பாகத்தை எடுக்காதே, பாகமாக மாறக்கூடிய பொருளை எடு. ஒரு பம்ப்பின் வாஷர் அந்தப் பம்ப்புக்கு மட்டும்தான். ரப்பர் ஷீட்டும் கத்தியும் இருந்தால் எல்லா வாஷரும் அதற்குள் இருக்கிறது.

இதற்கு இந்திய சாட்சியும் உண்டு. அபிலாஷ் டோமி, கடற்படை அதிகாரியாக இருந்தவர். 2012 நவம்பரில் மும்பையிலிருந்து 'மாதேய்' என்ற படகில் கிளம்பி, தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றி 2013-ல் திரும்பிய முதல் இந்தியர். பிறகு 2022-ல் கோல்டன் குளோப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அந்தப் பந்தயத்தின் விதி விசித்திரமானது. 1968-ல் என்ன தொழில்நுட்பம் இருந்ததோ அதோடுதான் போக வேண்டும். வழிகாட்ட ஜிபிஎஸ் கிடையாது. ஆள் தூங்கும்போது படகைத் திசையில் வைத்திருப்பது, காற்றின் பக்கத்தை உணர்ந்து சுக்கானைத் திருப்பும் ஒரு இயந்திரத் தகடு. மின்சாரம் வேண்டாத அந்தக் கருவிதான் படகின் இரண்டாவது மாலுமி. டோமிக்கு அது உடைந்தது. கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்தார். 236 நாள் கழித்து இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

அதே பந்தயத்தில் சைமன் கர்வன் என்பவர் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய திசைக்கருவியில் ஒரு முக்கியப் பாகம் முறிந்தது. மாற்று கையில் இல்லை. சிலி நாட்டுக்குத் திருப்பிப் பாகத்தை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். கடைசியில் எல்லோருக்கும் முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டியவரும் அவரே. ஆனால் கரை தொட்டவர் என்பதால் முதல் பரிசு அவருக்கு இல்லை. 16 பேர் கிளம்பிய பந்தயத்தில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் 3 பேர்.

அப்போ, கதவை அறுத்தவர் கெட்டிக்காரர், சிலிக்குப் போனவர் கோட்டைவிட்டவர் என்று பாடம் எழுதிவிடலாமா? முடியாது. முறிந்த பாகம் எது என்பதைப் பொறுத்தது அது. பலகையால் செய்யக்கூடிய பாகம் இருக்கிறது, எஃகால் மட்டுமே ஆகும் பாகம் இருக்கிறது. இரண்டாவது விதி அதுதான்: கையால் செய்ய முடியாததும், போனால் பயணமே போய்விடுவதுமான பொருளுக்கு மட்டும் முழு ஸ்பேர்.

இந்தியக் கடற்படைப் பெண்கள் 'தாரிணி'யில் உலகம் சுற்றியதும் நினைவிருக்கும். 2017 செப்டம்பரில் 6 பேர் கோவாவிலிருந்து கிளம்பி, 2018 மே மாதம் திரும்பினார்கள். திட்டமிட்ட நிறுத்தங்கள் நான்கு. ஐந்தாவதாக, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் நிற்க வேண்டி வந்தது. ஸ்டீயரிங் கோளாறு. 2024 அக்டோபரில் அதே தாரிணியில் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் இரண்டே பேராகக் கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள். இந்தக் கதைகளை வரிசையாகப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். உடைவது பெரும்பாலும் ஓயாமல் ஆடுகிற இடம். சுக்கான், திசைக்கருவி, கயிறு உரசும் கப்பி. சும்மா இருப்பது துருப்பிடிக்கும், ஓயாமல் ஆடுவது முறியும்.

*

மூன்றாவது விதி எனக்கு எங்கள் ஊரிலிருந்தே கிடைத்தது.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா நடந்தபோது நான் கல்லூரிக் கடைசி வருடம். அங்கே மாற்று ஜெனரேட்டர் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு மேலேயே இருந்தன. ஆனால் பெரும்பாலானவை கட்டடத்தின் அடித்தளத்தில். சுனாமி வந்து அவற்றை ஒரே நேரத்தில் மூழ்கடித்தது. ஸ்பேரும் அசலும் ஒரே இடத்தில் இருந்தால் அது ஸ்பேரே இல்லை. அந்த வருடம் இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதும், வார்த்தை வேறாக இருந்தாலும், இந்தக் கேள்விதான். அவர்களில் பலருக்கு 2004 டிசம்பர் அலை கண்ணில் பார்த்தது. கூடங்குளத்தில் அவசரப் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு தனித்தனி வரிசைகளாக வைக்கப்பட்டிருக்கின்றன என்று எனக்கு விளக்கத் தெரியும். கேட்டவர்களின் கவலை எண்ணிக்கையைப் பற்றியது அல்ல, நான்கும் ஒரே காரணத்தால் போகுமா என்பதைப் பற்றியது. அது நல்ல இன்ஜினியர் கேட்கிற கேள்வி.

2023 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. ரஷ்யாவிலிருந்து வந்த இரண்டு நீராவிக் கலன்கள், ஒவ்வொன்றும் 300 டன்னுக்கு மேல், தூத்துக்குடியில் மிதவையில் ஏற்றப்பட்டு, இழுவைப் படகோடு கட்டப்பட்டு ஊருக்கு வந்தன. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இழுவைக் கயிறு அறுந்து மிதவை பாறையில் ஏறி நின்றது. அணு உலைக்கான பாகத்தை நிறுத்திவைத்தது ஒரு கயிறு. என் கூட்டாளி அப்போது போனில் சொன்னான்: "கச்சான் காத்துல கயித்த நம்பலாம், ஒத்தக் கயித்த நம்பப்புடாது."

*

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டோம். அவன் ஒதுக்கியிருந்த பணம் 40,000 ரூபாய். நான் முதலில் எழுதியது அதைப்போல மூன்று மடங்குக்கு வந்தது. குறைக்கக் குறைக்கத்தான் யோசனை தெளிந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கேள்வி. எவ்வளவு அடிக்கடி போகும்? போனால் என்ன ஆகும்? ஆடுகிற போட்டில், ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் இதை மாட்ட நம் ஆளுக்குத் தெரியுமா? மாட்டத் தேவையான ஸ்பேனர் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் கழிந்தது. டீசல் பம்ப்பை முழுதாக எடுக்கலாம் என்றேன். "அத கழட்டி மாட்ட எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியாது. கரையில போட்டுட்டுப் போறதும் கடல்ல கொண்டு போறதும் ஒண்ணுதான்" என்றான். அடித்தோம். அந்த இடத்துக்கு எண்ணெய் வடிகட்டி ஆறு வந்தது. அலையில் தொட்டி குலுங்கும்போது அடியில் படிந்த கசடு கிளம்பி வந்து அடைக்கும். கடலில் டீசல் என்ஜின் நிற்கப் பெரும்பாலும் இந்த அற்பக் காரணம்தான்.

பெல்ட், குளிர்நீர் பம்ப்பின் ரப்பர் சக்கரம் ஆகியவற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. புதியதை வாங்கிக் கரையிலேயே மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது. கழற்றிய பழையதைத் துடைத்துப் பெட்டியில் வைப்பது. பழையது ஏற்கெனவே பொருந்தி ஓடியது. பிரிக்காத புதுப் பெட்டிக்குள் தப்பான அளவு இருந்தால் அது தெரியவருவது நடுக்கடலில்தான். மாட்டிப் பழகிய கையும் இதில் இலவசமாகக் கிடைக்கிறது.

பிறகு ஹோஸ் கிளிப் இருபது, ஃபியூஸ், ஒயர், இரண்டு அளவு போல்ட், எபாக்சி, ரப்பர் ஷீட், கயிறு இரண்டு சுருள். கயிறு ஒன்று முன்னால், ஒன்று பின்னால். வடிகட்டிகளும் இரண்டு இடத்தில். எது எங்கே இருக்கிறது என்று எழுதிய தாளுக்கு மூன்று நகல்.

எல்லாம் முடிந்தபோது திண்ணையில் படுத்திருந்த அவன் அப்பா கேட்டார். "ஏல, டிரைவர் கண்ணாடி போட்டுத்தான வேல பாக்கான்? அதுக்கு ஸ்பேர் இருக்கா?"

போட்டின் டிரைவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு நட்டின் மரையைப் பார்க்க முடியாது. அது கடலில் விழுந்தால் பெட்டியிலுள்ள அத்தனையும் இரும்பு. மாமா பட்டியலைப் பொருளிலிருந்து பார்க்கவில்லை, அதை மாட்டப்போகிற ஆளிலிருந்து பார்த்தார். ராதாபுரத்தில் 350 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கினோம். 40,000 ரூபாயில் நன்றாகச் செலவான பணம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

*

அவன் போயிருந்த நாட்களில் 2018 பந்தயத்தைப் பற்றிப் படித்தேன். அதில் டோமியும் இருந்தார். தென் இந்தியப் பெருங்கடல் புயலில் அவர் படகு 'துரியா' புரண்டு, பாய்மரம் முறிந்து, அவர் முதுகெலும்பில் அடி. அசைய முடியாமல் கிடந்தார். அந்த நிலையில் எந்த உதிரிபாகமும் உதவாது. அதே புயலில் பாய்மரம் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கின், கிடைத்ததைக் கொண்டு ஒரு தற்காலிகப் பாயைக் கட்டி, டோமியை நோக்கித் தன் படகைத் திருப்பினார். இறுதியில் பிரெஞ்சுக் கப்பலொன்று வந்து டோமியை மீட்டது.

பக்கத்து வள்ளம். ஆளே இல்லாத கடலிலும் யாரோ ஒருவன் அதுவாக இருக்க முடிகிறது. ஆனால் அதைப் பட்டியலில் எழுதிக்கொள்ள முடியாது. நாம் இன்னொருவனுக்கு அதுவாக இருக்கும் அளவுக்கு நம் போட் ஓட வேண்டும், அவ்வளவுதான் நம் கையில்.

கூட்டாளி 37-ஆவது நாள் கொச்சியிலிருந்து கூப்பிட்டான். மீன் சுமார். பெட்டியில் என்ன போச்சு என்றுதான் முதலில் கேட்டேன். ஹோஸ் கிளிப் நாலு, ஒரு பெல்ட், கயிறு ஒரு சுருள். அந்தக் கயிறு வேறொரு போட்டைக் கட்டி இழுக்கப் போயிருக்கிறது. கண்ணாடி உறையிலேயே பத்திரமாக இருக்கிறது. எண்ணெய் வடிகட்டி ஆறில் ஐந்து தீர்ந்துவிட்டது.

அடுத்த தடவைக்கு எட்டு என்று எழுதிக்கொண்டேன்.